வந்தோர் கழித்தல் போனோர்

2022 அக்டோபர் 13ஆம் தேதி அலாஸ்காவின் கடலோரச் சேற்றிலிருந்து பட்டைவால் மூக்கன் ஒன்று தெற்கு நோக்கிக் கிளம்பியது. முட்டையை விட்டு வெளிவந்து ஏறக்குறைய ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அதன் உடலில் ஐந்து கிராம் எடையுள்ள, சூரிய ஒளியில் இயங்கும் சிறு கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். பசிபிக் பெருங்கடலின் மேல் எங்கும் இறங்காமல், இரை எடுக்காமல், நீர் அருந்தாமல் பறந்த அந்த இளம் பறவை, அக்டோபர் 24ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாக் கரையில் இறங்கியது. செயற்கைக்கோள் வழியே பதிவான தூரம் 13,560 கிலோமீட்டர். எடுத்துக்கொண்ட காலம் 11 நாள். இடையில் இறங்காமல் ஒரு பறவை கடந்த தூரத்துக்கு அது உலக சாதனையாகப் பதிவானது.

இந்த இரண்டு எண்களை ஒரு தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் வெண்பலகையில் எழுதிவிட்டால் பாடம் தானே தொடங்கிவிடும். 13,560ஐ 11ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 1,233 கிலோமீட்டர். அதை 24ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 51 கிலோமீட்டர். இரவும் பகலும், மழையிலும் காற்றிலும், பதினொரு நாளும் அதே சராசரி.

இந்தப் பறவையின் இனத்தார் நமக்கு அந்நியரல்லர். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், சுங்கை ஆயர் தாவாரிலிருந்து சுங்கை பெசார், சிகிஞ்சான், தஞ்சோங் காராங் என்று தெற்கே இறங்கிக் கோலசிலாங்கூர் வரும் கரை, உலகப் பறவையியலாளர்கள் முக்கியப் பறவைப் பகுதியாகக் குறித்துவைத்திருக்கும் கரை. ஆர்க்டிக் வட்டத்திலிருந்து ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வரை 22 நாடுகளைத் தொட்டுச் செல்லும் பறவைப் பாதையில் இது ஒரு தங்குமிடம். அந்தப் பாதையில் ஆண்டுதோறும் 5 கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் போய்வருகின்றன. கடல் வற்றும் நேரத்தில் அலையாத்திக் காட்டுக்கு அப்பால் விரியும் சேற்றில் உள்ளான்களும் மூக்கன்களும் புழு தேடி நிற்கும்.

கரையிலிருந்து உள்ளே போனால் தோட்டங்கள். அங்கே இன்னொரு இடப்பெயர்ச்சியின் பதிவு இருக்கிறது: நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் முன்னோரின் பதிவு. பறவைகளின் எண்களும் முன்னோரின் எண்களும் நம் பிள்ளைகளின் கணிதப் பாடத்துக்குள் வரவேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வேண்டுகோள். வகுத்தல், விகிதம், கழித்தல், விழுக்காடு என்று ஆரம்பப்பள்ளியிலேயே கற்பிக்கும் நான்கு செயல்களுக்குள் எவ்வளவு பெரிய கேள்விகள் அடங்கியிருக்கின்றன என்பதை இந்த எண்களைப் போலக் காட்டித்தருபவை அரிது.

வகுத்தல்: எவ்வளவு வேகம்?

2007இல் ‘ஈ7’ என்று பெயரிடப்பட்ட ஒரு பெண் மூக்கன், அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு 11,680 கிலோமீட்டரை 8.1 நாளில் கடந்தது. வகுத்துப் பார்த்தால் மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். 2022இன் பறவைக்குக் கிடைத்த விடை 51. ஒரே இனம், ஏறக்குறைய ஒரே கடல், விடை மட்டும் வேறு. ஏன்? பின்னாலிருந்து தள்ளும் காற்றா, எதிர்க்காற்றா? வயதா? போன வழியா? பாடநூலில் வரும் ரயில் புறப்பட்ட நிமிடம் முதல் ஒரே வேகத்தில் ஓடும். அதனால் அங்கே விடை வந்ததும் கேள்வி முடிந்துவிடுகிறது. உயிருள்ள ஒன்றின் எண்ணை வகுத்தால், விடையே அடுத்த கேள்வியைக் கேட்கிறது.

இன்னும் ஒரு படி போகலாம். கருவி ஒவ்வொரு நொடியும் இடத்தைக் குறிப்பதில்லை. இடைவெளி விட்டுவிட்டே குறிக்கிறது. அந்தப் புள்ளிகளை இணைத்துக் கூட்டித்தான் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். இரண்டு புள்ளிகளுக்கு இடையே பறவை வளைந்து போயிருந்தால்? முக்கோணத்தின் இரண்டு பக்கங்களைக் கூட்டினால் மூன்றாவது பக்கத்தைவிட நீளம் கூடும் என்று வடிவியலில் படிக்கிறோம். ஆகவே இணைத்த கோடு எப்போதும் குறுக்குவழி. அது காட்டும் தூரத்தைவிடப் பறவை உண்மையில் போன தூரம் கூடுதலாகவே இருக்கும். 13,560 என்பது ‘குறைந்தது இவ்வளவு’ என்று படிக்கவேண்டிய எண். ஓர் அளவீட்டை எப்படிப் படிக்கவேண்டும் என்ற அறிவு, முக்கோணத்தின் ஓர் எளிய விதியிலிருந்து கிடைத்துவிடுகிறது.

அதே முறையில் முன்னோரின் கடலையும் அளக்கலாம். நாகப்பட்டினம் வட அட்சம் 10.8 பாகையில் இருக்கிறது, பினாங்கு 5.4 பாகையில். கிழக்கு மேற்காக இருபது பாகைக்குச் சற்று மேல். பூமியின் மேற்பரப்பில் ஒரு அட்சப் பாகை சுமார் 111 கிலோமீட்டர். பைத்தாகரஸ் தேற்றம் தெரிந்த படிவம் ஒன்று மாணவர், இரண்டு ஊருக்கும் இடையே ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் என்று தானே கண்டுபிடித்துவிடுவார். மணிக்கு 12 கடல் மைல் ஓடும் நீராவிக் கப்பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால், மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். நூற்றைந்து மணி நேரம். நான்கு நாளுக்கு மேல். மூக்கன் தன் சராசரி வேகத்தில் பறந்தால் அதே கடலை இரண்டு நாளுக்குள் தாண்டிவிடும்.

விகிதம்: எண்ண முடியாததை எண்ணுதல்

வேகத்தைக் கண்டோம். எத்தனை பறவைகள்? சேற்றில் இறங்கி ஒவ்வொன்றாக எண்ண முடியாது. எண்ணுவதற்குள் பாதி பறந்துவிடும். இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. சில பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விட்டுவிடுவார்கள். பிறகு மீண்டும் ஒரு கூட்டத்தைப் பிடித்து, அதில் வளையமிட்டவை எத்தனை என்று பார்ப்பார்கள்.

முதலில் 50 பறவைகளுக்கு வளையமிட்டதாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது முறை 60 பறவைகள் சிக்கின. அவற்றில் 6 வளையமிட்டவை. பத்தில் ஒன்று. அப்படியானால் முதலில் வளையமிட்ட 50உம் மொத்தத்தில் பத்தில் ஒன்றாகவே இருக்கவேண்டும். மொத்தம் 500. ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். கண்ணால் எண்ணவே முடியாத கூட்டத்தின் அளவு கைக்கு வந்துவிட்டது. டென்மார்க்கின் பீட்டர்சன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த எண்ணத்தை மீன்களுக்குப் பயன்படுத்தினார். அமெரிக்காவின் பிரெடரிக் லிங்கன் 1930இல் காட்டு வாத்துகளுக்குப் பயன்படுத்தினார். இருவருக்கும் முன்பே, 1802இல், பிரெஞ்சு கணித மேதை லப்லாஸ் இதே விகித முறையில் தம் நாட்டு மக்கள்தொகை சுமார் 2.8 கோடி என்று மதிப்பிட்டிருந்தார்.

தோட்டப்புறப் பள்ளியில் இதைச் செய்துபார்க்க ஒரு மூட்டை ரப்பர் கொட்டை போதும். ஒரு கை அள்ளி மையால் குறியிட்டு, மீண்டும் மூட்டையில் போட்டுக் குலுக்கி, இன்னொரு கை அள்ளிப் பார்க்கவேண்டியதுதான். கணக்கிட்ட விடையை, மூட்டையைக் கொட்டி எண்ணிய விடையோடு ஒப்பிடலாம். ஐந்து குழுக்கள் செய்தால் ஐந்து விடை வரும். அவற்றின் சராசரி உண்மைக்கு நெருங்கி வருவதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள். புள்ளியியல் படிக்கும் பல்கலைக்கழக மாணவர் சூத்திரமாகப் படிப்பதை, பத்து வயதுப் பிள்ளை கை அழுக்காகப் படித்துவிடும்.

நம் வட்டாரத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 1963 முதல் 1971 வரை எலியட் மெக்ளூர் தலைமையில் கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் நடந்த ஆய்வில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையமிட்டார்கள். மலாயாவும் அந்தப் பணியின் முக்கியக் களங்களில் ஒன்று. தமிழ்நாட்டில் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வருகிறது.

பள்ளிப் பிள்ளைகளால் இதில் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு 1976இல் நடந்த ஒன்று பதிலாக இருக்கும். மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்று கனடாவின் பிரெட் உர்குஹார்ட் பல பத்தாண்டுகள் தேடினார். 1975 ஜனவரியில் அவருடைய குழுவினர் மெக்சிகோ மலைக்காட்டில் கோடிக்கணக்கான பூச்சிகள் மரங்களை மூடியிருந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டு உர்குஹார்ட் நேரில் போனபோது, பூச்சிகளின் எடை தாங்காமல் ஒரு பைன் கிளை முறிந்து விழுந்தது. விழுந்த கூட்டத்தில் ஒரு பூச்சியின் இறக்கையில் சிறு காகித வில்லை. அது 2,800 கிலோமீட்டருக்கு அப்பால், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துச் சாஸ்கா என்ற ஊரில், ஒரு பள்ளி ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் ஒட்டியது. வட அமெரிக்கப் பூச்சிகள்தாம் அவை என்பதற்கு அந்த வில்லையே சாட்சியாயிற்று. பள்ளிப் பிள்ளைகளே தரவு சேர்த்து, வரைபடத்தில் புள்ளியிட்டு, இடப்பெயர்ச்சியைத் தொடரும் ‘ஜர்னி நார்த்’ என்னும் திட்டத்தை 1994இல் எலிசபெத் ஹோவர்ட் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது.

வளைய முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. முதல் பிடிப்புக்கும் இரண்டாவது பிடிப்புக்கும் இடையே கூட்டத்தில் யாரும் புதிதாகச் சேரக்கூடாது, யாரும் வெளியேறக்கூடாது. இடம்பெயரும் உயிர்களோ வந்துகொண்டும் போய்க்கொண்டுமே இருக்கின்றன. அப்போது விகிதம் மட்டும் போதாது. வரவையும் போக்கையும் எழுதி வைக்கவேண்டும். அங்கேதான் கழித்தல் வருகிறது. அங்கேதான் நம் கதையும் வருகிறது.

கழித்தல்: எத்தனை பேர் எஞ்சினார்கள்?

மளிகைக் கடைக் கணக்குப் புத்தகத்தைப் போன்றதே மக்கள்தொகைக் கணக்கும். பழைய இருப்போடு பிறந்தோரையும் வந்தோரையும் கூட்டி, இறந்தோரையும் போனோரையும் கழித்தால் புதிய இருப்பு. ஆறு எண்களில் ஐந்து தெரிந்தால் ஆறாவது தானே வெளிப்படும்.

மலாயா இந்தியரின் இடப்பெயர்ச்சிக்கு இந்தக் கணக்கைப் பொறுமையோடு போட்டவர் கெர்னியல் சிங் சந்து. மலாயாவில் இந்தியரின் குடிவரவும் குடியேற்றமும் பற்றிய அவருடைய நூல் 1969இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தின் வெளியீடாக வந்தது. குடிநுழைவுப் பதிவுகள், கப்பல் பட்டியல்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து அவர் தந்த சித்திரம் இது: 1957 வரையிலான சுமார் ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ 40 லட்சம் இந்தியர் மலாயாவுக்குள் வந்தார்கள், ஏறத்தாழ 28 லட்சம் பேர் வெளியேறினார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்.

முதலில் இந்த எண்ணின் பருமனை உணரவேண்டும். 1926இல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிய ரஜுலா கப்பல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றக்கூடியது. 40 லட்சத்தை ஐயாயிரத்தால் வகுத்தால் 800. மனிதரால் நிரம்பிய 800 ரஜுலாக் கப்பல்கள்.

அடுத்து விழுக்காடு. 40க்கு 28 என்றால் 70 விழுக்காடு. நூறு முறை உள்ளே வந்தால் எழுபது முறை வெளியே போயிருக்கிறார்கள். ஒவ்வொரு இடப்பெயர்ச்சி ஓட்டத்துக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு என்று 1885இலேயே புவியியலாளர் ரேவன்ஸ்டைன் பிரிட்டிஷ் கணக்கெடுப்பு எண்களிலிருந்து கண்டு சொன்னார். நம் முன்னோரின் எதிரோட்டம் மிகப் பெரியது. வந்தவர் எல்லாரும் தங்கிவிட்டார்கள் என்று நாம் பொதுவாக நினைத்திருப்பதை ஒரு வகுத்தல் திருத்துகிறது.

இங்கே ஒரு கெட்டிக்கார மாணவி கை தூக்குவாள். ஒருவரே இரண்டு மூன்று முறை ஊருக்குப் போய் வந்திருந்தால்? ஒவ்வொரு முறையும் பதிவாகியிருக்குமே? அப்படியானால் 40 லட்சம் என்பது ஆட்களின் எண்ணிக்கை ஆகுமா?

மிகச் சரியான கேள்வி. அது நுழைவுகளின் எண்ணிக்கை. ஆட்களின் எண்ணிக்கை அதைவிடக் குறைவு. ஆனால் கழித்துப் பாருங்கள். ஒருவர் வந்தார்: கூட்டல் ஒன்று. போனார்: கழித்தல் ஒன்று. மீண்டும் வந்தார்: கூட்டல் ஒன்று. மூன்றையும் சேர்த்தால் மிஞ்சுவது ஒன்றே ஒன்று. எத்தனை முறை போய்வந்தாலும், கடைசியில் இங்கே நின்றுவிட்டவர் கணக்கில் ஒன்று. கடைசியில் ஊரில் நின்றுவிட்டவர் சுழியம். தனித்தனியே நம்ப முடியாத இரண்டு எண்கள், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது தம் குறையைத் தாமே அழித்துக்கொண்டு, நம்பத்தக்க ஓர் எண்ணைத் தருகின்றன. 40இலிருந்து 28 போக 12. பன்னிரண்டு லட்சம் பேர். வந்தார்கள், திரும்பவில்லை. ஆரம்பப்பள்ளிக் கழித்தலுக்குள் இப்படி ஓர் ஆற்றல் ஒளிந்திருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு எனக்குத் தெரியாது.

இப்போது 1957 கணக்கெடுப்புக்கு வருவோம். சந்து தரும் எண்படி அப்போது இங்கிருந்த இந்தியர் சுமார் 8 லட்சத்து 58 ஆயிரம் பேர். அவர்களில் 62.1 விழுக்காட்டினர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். அதாவது சுமார் 5 லட்சத்து 33 ஆயிரம். மீதி, வெளியே பிறந்து இங்கே வந்தவர்கள், சுமார் 3 லட்சத்து 25 ஆயிரம். வந்து திரும்பாதவர் 12 லட்சம். அவர்களில் உயிரோடு இருந்தவர் மூன்றேகால் லட்சம். மற்றவர்கள் எங்கே?

இந்தக் கேள்வியை அவசரப்படாமல் அணுகவேண்டும். கணிதம் கற்றுத்தரும் நேர்மை அது. ஒரு நூற்றாண்டுக் காலம் என்பதால், 1870இல் வந்தவர் எப்படியும் 1957இல் உயிரோடு இருந்திருக்க மாட்டார். இயற்கையான மரணத்தை முதலில் ஒதுக்கவேண்டும். ஆனால் அப்படி மாண்டவர்களுக்கு மக்களும் பேரப்பிள்ளைகளும் இருந்திருப்பார்கள் அல்லவா? தலைமுறைகள் தழைத்திருந்தால் உள்ளூரில் பிறந்தோர் எண்ணிக்கை ஐந்தரை லட்சத்துக்குள் அடங்கியிருக்குமா? பெண்கள் மிகக் குறைவாக வந்தார்கள் என்பது ஒரு பதில். 1931இல்கூட ஆயிரம் இந்திய ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள் இல்லை. இங்கே பிறந்து பெற்றோரோடு ஊர் திரும்பிய பிள்ளைகள் இன்னொரு பதில். இவை எல்லாவற்றையும் எடைபோட்ட சந்து, அந்தப் பன்னிரண்டு லட்சத்தின் பெரும்பகுதியை நோயும் பாம்புக்கடியும் களைப்பும் சத்துக்குறைவுமே அழித்துவிட்டன என்ற முடிவுக்கு வந்தார்.

1931இல் சுமார் 6.2 லட்சமாக இருந்த இந்தியர் எண்ணிக்கை, 1947இல் சுமார் 6 லட்சம். பதினாறு ஆண்டில் ஏறவேண்டிய கோடு இறங்கியிருக்கிறது. அந்தக் கோட்டை வரையும் பிள்ளை, உலகப் பொருளாதார மந்தத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்களையும், 1938இல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதற்கு விதித்த தடையையும், சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட பல்லாயிரம் தோட்டத் தமிழரையும் ஒரே கோட்டின் சரிவில் சந்திக்கும்.

விழுக்காடு: தடுத்திருக்க முடியுமா?

மாண்டவர்கள் தலைவிதியால் மாண்டார்களா? இதற்கும் நம் சிலாங்கூர் கரையிலேயே எண்கள் இருக்கின்றன. 1901இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்தார். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கான தடயத்தை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டு நான்கே ஆண்டு ஆகியிருந்தது. வாட்சன் கிள்ளானிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சதுப்புகளுக்கு வடிகால் வெட்டச் செய்தார். புதர்களை அழிக்கச் செய்தார். அந்த இரண்டு ஊர்களிலும் காய்ச்சலால் இறந்தவர்கள் 1901இல் 368 பேர். 1902இல் 59 பேர்.

குறைந்தவர் 309. 368க்கு 309 என்றால் 84 விழுக்காடு. ஒரே ஆண்டில்.

ஆறாம் ஆண்டு மாணவர் போடக்கூடிய இந்த விழுக்காட்டுக் கணக்கில் ஒரு வரலாற்றுத் தீர்ப்பு இருக்கிறது. வடிகால் வெட்டிய இடத்தில் மனிதர் பிழைத்தார்கள். அந்தச் செலவைச் செய்யாத தோட்டங்களில் சாவு தொடர்ந்தது. வாட்சனின் அனுபவம் இன்னொன்றையும் கற்பித்தது. கரையோரச் சமவெளியின் நோய்க்கொசு காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. அங்கே காட்டை வெட்டி நீரை வடித்தால் நோய் குறைந்தது. மலையடிவாரக் கொசுவோ வெயில் படும் ஓடைநீரில் பெருகுவது. அங்கே காட்டை வெட்டினால் நோய் கூடியது. ஒரே செயல், இரண்டு இடம், எதிரெதிர் விளைவு. ஓர் இடத்து எண்ணை இன்னோர் இடத்துக்கு அப்படியே தூக்கிப் பொருத்தக்கூடாது என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

வகுப்பறைக்கு

இதை நாளைக்கே தொடங்கலாம். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் ஐந்து கேள்வி கேட்டு வரட்டும்: நம் குடும்பத்தில் முதலில் வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து, ஏறக்குறைய எந்த ஆண்டில், எந்தத் தோட்டத்துக்கு, அதற்குப் பிறகு குடும்பம் எத்தனை முறை இடம் மாறியது? வந்த ஆண்டுகளுக்கு முகடு, நடுவெண், சராசரி, வீச்சு கண்டுபிடிக்கலாம். ஒரே ஒருவர் மிக முன்னதாக வந்திருந்தால் சராசரி எப்படி இழுபடுகிறது, நடுவெண் ஏன் அசையாமல் நிற்கிறது என்பது அப்போது சொல்லாமலே புரியும். ‘தெரியாது’ என்று வரும் பதில்களையும் ஒரு பட்டையாக வரையவேண்டும். எத்தனை வீட்டில் ஆண்டு மறந்துபோயிற்று என்பதும் ஒரு தரவுதான். சொல்ல விரும்பாத வீட்டை வற்புறுத்தக்கூடாது.

இந்த வட்டாரத்தில் இந்தப் பாடம் தமிழ்ப்பிள்ளைகளோடு நிற்காது. சபாக் பெர்ணம் மாவட்டத்துக் கம்பங்களில் வாழும் பலர் ஜாவாவிலிருந்தும் தென் கலிமந்தானின் பஞ்சார் பகுதியிலிருந்தும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். சிகிஞ்சானின் சீனக் குடும்பங்களுக்கும் ஒரு கடல் பயணக் கதை உண்டு. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் உருவானது கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அந்த மரமும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததே. இன்று அந்தக் குலைகளை வெட்டுபவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே கணக்கு: வந்தோர், போனோர், இருப்போர், இறந்தோர். நம் முன்னோரின் கணக்கைப் போட்ட பிள்ளை, அவர்களைப் பற்றிய எண்ணைச் செய்தித்தாளில் பார்க்கும்போது அதைத் தாண்டிப் போய்விடாது.

நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல தோட்டங்களில் பிறந்தவை; இந்தக் கணக்கின் நடுவிலேயே பிறந்தவை. இதைக் கற்பிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு வரைபடம், ஒரு மூட்டை ரப்பர் கொட்டை, சில உண்மையான எண்கள், கேள்வி கேட்க விடும் ஓர் ஆசிரியர் போதும். கழித்தலைச் சொல்லித்தர நாற்பது மாம்பழமும் இருபத்தெட்டு மாம்பழமும் போதும் என்பது உண்மைதான். ஆனால் நாற்பது லட்சத்திலிருந்து இருபத்தெட்டு லட்சத்தைக் கழித்த பிள்ளை, விடையை எழுதியதோடு பேனாவை மூடாது. அந்தப் பன்னிரண்டு லட்சம் பேரும் யார், எங்கே என்று கேட்கும். அப்படிக் கேட்கக் கற்ற பிள்ளையே கணிதம் கற்ற பிள்ளை.